பிளக் மாற்றிய பிறகு வந்த மிஸ்ஸிங்

என்னுடையது 1,200 சிசி, நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார். ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்கின் தலையிலும் தனித்தனியாக, அதற்கு உயர் வோல்ட் மின்சாரம் கொடுக்கும் ஒரு காயில் உட்கார்ந்திருக்கும் வகை. சர்வீஸுக்கு விட்டபோது பிளக்கின் ஆயுள் முடிந்துவிட்டது என்று நான்கையும் மாற்றி, பழையதை ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார்கள். அதுவரை வண்டியில் ஒரு குறையும் கிடையாது. அதற்குப் பிறகுதான் சேலம் ஐந்து ரோடு மேம்பாலத்தில் ஏசி போட்டுக்கொண்டு மூன்றாவது கியரில் ஏறும்போது வண்டி லேசாக வெட்ட ஆரம்பித்தது. முதலில் பெட்ரோலைச் சந்தேகப்பட்டேன். வேறு பங்க்கில் போட்ட பிறகும் அதே வெட்டல். அப்புறம் ஒருநாள் ஏற்காடு மலைப்பாதையில் முதல் கொண்டை ஊசி வளைவைத் தாண்டியதும் செக் இன்ஜின் விளக்கு கண் சிமிட்ட ஆரம்பித்தது. வண்டியைத் திருப்பிவிட்டேன்.

அந்த விளக்கு நின்று எரிந்தால் சீக்கிரம் பாருங்கள் என்று பொருள். சிமிட்டினால் இப்போதே காலை எடுங்கள் என்று பொருள். எரியாத பெட்ரோல் சைலென்சர் பக்கம் போய், புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் எரியத் தொடங்கும். அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் பீங்கான் கூடு உருகிவிடலாம். பிளக்கின் விலையோடு ஒப்பிட்டால் கன்வெர்ட்டர் விலையைக் கேட்கவே பயமாக இருக்கும். ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் மெதுவாக இறக்கிக்கொண்டு வந்தேன்.

காரின் கம்ப்யூட்டரில் பதிவாகும் எரர் கோடை (கோளாறு எண்ணை) படிக்கும் இ.எல்.எம். 327 வகை புளூடூத் ஸ்கேனர் ஒன்று கைவசம் இருந்தது. போனில் இணைத்துப் பார்த்தால் பி0303 என்று வந்தது. கடைசி எண்தான் சிலிண்டர். மூன்றாவது சிலிண்டர் மிஸ் ஆகிறது, அதாவது அதில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. பி0300 வந்தால் குறிப்பாக ஒன்று என்று இல்லாமல் அங்கங்கே மிஸ் ஆகிறது என்று அர்த்தம், அதைத் துரத்துவது இன்னும் கஷ்டம். எண்ணும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: முதல் சிலிண்டர் நமக்கு இடது பக்கம் இருப்பது என்று நினைத்துவிடக் கூடாது. என் வண்டியில் பெல்ட் இருக்கும் பக்கத்திலிருந்துதான் கணக்கு.

சர்வீஸ் செய்த இடத்தில் கேட்டேன். “பிளக் புதுசு சார், அது இருக்காது. இன்ஜெக்டர் கிளீன் பண்ணிப் பார்க்கலாம், சரியாகலைன்னா காயில் நாலையும் மாத்திடலாம்” என்றார்கள். எனக்கு இது ஒப்பவில்லை. பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் என்ன, பிளக் மாற்றும் நாள் பார்த்தா கெட்டுப்போகக் காத்திருந்தது? வேலை செய்த உடனே வந்த கோளாறு, கை பட்ட இடத்தில்தான் இருக்க வேண்டும். கை பட்டது பிளக்கும், அதை எடுக்கக் கழற்றிய காயிலும், காயிலின் அடியில் பிளக்கைக் கவ்விப் பிடிக்கும் ‘பூட்’ என்ற ரப்பர் உறையும் மட்டுமே.

இன்னொரு துப்பும் இருந்தது. ஐடிலிங்கில் வண்டி கல்லுப்போல நிற்கும். மிதித்து ஏற்றினால்தான் மிஸ்ஸிங். எங்கேயாவது காற்று கசிந்தால் பெரும்பாலும் ஐடிலிங்கிலேயே நடுக்கம் தெரியும். ஏற்றத்தில் மட்டும் வந்தால் ஸ்பார்க்கைச் சந்தேகப்பட வேண்டும். மிதிக்கும்போது சிலிண்டருக்குள் காற்று நிறைய போகிறது, அழுத்தம் கூடுகிறது. அந்த நெருக்கத்தில் பிளக் நுனியின் இடைவெளியைத் தாண்ட மின்சாரத்துக்கு அதிக வோல்ட் வேண்டும். காயில் 20,000 வோல்ட்டுக்கு மேலேயும் கொடுக்கும். ஆனால் வழியில் வேறு சுலபமான பாதை கிடைத்தால் அது நுனிவரை போகாது, அங்கேயே குதித்துவிடும்.

எல்லா மெக்கானிக்கும் செய்யும் சோதனையைச் செய்தேன். மூன்றாவது காயிலைக் கழற்றி முதல் சிலிண்டரில் மாட்டி, முதலாவதை மூன்றில் மாட்டி, எரர் கோடை அழித்துவிட்டு ஓட்ட வேண்டும். பி0301 வந்தால் காயில் கோளாறு, அது போன இடத்துக்குக் கோளாறும் கூடவே போயிருக்கிறது. பி0303 தொடர்ந்தால் காயில் சுத்தம், அடுத்து பிளக்கை இடம் மாற்றலாம். அதுவும் இல்லையென்றால் அப்புறம் இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று போகலாம். காசு செலவில்லாத, தெளிவான சோதனை. எனக்கு வந்த விடை: பி0301, பி0303, இரண்டும்.

இங்கேதான் நிறைய பேர் தடுமாறி, “இது ஏதோ பொதுக் கோளாறு” என்று ஃபியூயல் பம்ப் வரைக்கும் போய்விடுகிறார்கள். நானும் குழம்பிப்போய், பல வருடங்களாகத் தெரிந்த ஒரு பெரியவருக்குப் போன் செய்தேன். அம்பாசிடர் காலத்து மெக்கானிக். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எரர் கோடு கெடக்குது தம்பி. பிளக்கைக் கழட்டி வெயில்ல வெச்சுப் பாத்தீங்களா?” என்றார். இல்லை என்றேன். “காயிலை மட்டும் மாத்திட்டே இருந்தா எப்படிங்க? பிளக்கையும் பாருங்க, பூட்டுக்குள்ளயும் டார்ச் அடிச்சுப் பாருங்க” என்றார்.

இன்ஜின் நன்றாக ஆறியபின், பிளக் குழியில் கிடந்த மண்ணைக் காற்றடித்து வெளியேற்றிவிட்டு மூன்றாவது பிளக்கைக் கழற்றினேன். நுனியில் குறை எதுவும் தெரியவில்லை. வெள்ளைப் பீங்கானைச் சுழற்றிப் பார்க்கும்போதுதான் தெரிந்தது: மேல்முனையிலிருந்து கீழே இரும்பு வரைக்கும், பென்சிலால் இழுத்ததுபோல மெல்லிய கறுப்புக் கோடு. துணியால் துடைத்தேன், நகத்தால் சுரண்டினேன், போகவில்லை. கோடு முடியும் இடத்தில், வெயிலில் சாய்த்துப் பிடித்தால் மட்டும் தெரியும் மயிரிழை விரிசல். முதல் சிலிண்டரில் மாட்டியிருந்த காயிலின் பூட்டுக்குள் போன் டார்ச்சை அடித்துப் பார்த்தால் ரப்பரின் உட்சுவரிலும் அதேபோல ஒரு கோடு ஓடியது.

விஷயம் புரிந்தது. பீங்கான் விரிசல் வழியாக மின்சாரம் வெளியே குதித்து, போன பாதையையெல்லாம் கரியாக்கியிருக்கிறது. கரி மின்சாரத்தைக் கடத்தும். அதனால் அந்தக் கரித்தடம் விழுந்த பூட்டை நல்ல பிளக்கின் மேல் மாட்டினாலும் மிஸ் ஆகும். விரிசல் விட்ட பிளக்கின் மேல் நல்ல பூட்டை மாட்டினாலும் மிஸ் ஆகும். இடம் மாற்றும் சோதனை பொய் சொல்லவில்லை, இரண்டு குற்றவாளிகளையும் சரியாகத்தான் காட்டியிருக்கிறது. பிளக்கை மட்டும் மாற்றியிருந்தால் பழைய பூட்டு புதுப் பிளக்கிலும் கோடு போட ஆரம்பித்திருக்கும்.

பீங்கான் ஏன் விரிந்தது? குழி ஆழம், குறுகலும்கூட. சாக்கெட் சற்றுச் சாய்ந்த நிலையில் முறுக்கினால் பக்கவாட்டு அழுத்தம் நேராகப் பீங்கானில்தான் விழும். மாட்டும் முன் கீழே விழுந்த பிளக்காகவும் இருக்கலாம். தரையில் விழுந்த பிளக் பார்க்க நன்றாக இருந்தாலும் மாட்டக் கூடாது என்பது பெரியவரின் கட்சி.

இதற்கிடையில் பக்கத்து வீட்டுக்காரர் பழைய பிளக் கவரை எடுத்துப் பார்த்து, பீங்கானும் இரும்பும் சேரும் இடத்தில் இருந்த பழுப்பு வளையத்தைக் காட்டி, “இங்கதான் கேஸ் லீக் ஆகுது” என்றார். அது கசிவு இல்லை. அதிக வோல்ட்டினால் காற்றிலுள்ள எண்ணெய்த் துகள்கள் அங்கே ஒட்டிக்கொள்வதால் வரும் கறை, ஓடிய பிளக்குகளில் சாதாரணம். வளையமாகச் சுற்றிவரும் பழுப்புக் கறைக்குப் பயப்பட வேண்டாம். நெடுக்காக ஓடும் கறுப்புக் கோடுதான் வில்லங்கம்.

ஒரு பிளக்கும் ஒரு பூட்டும் வாங்கினேன். என் காயிலுக்கு பூட் தனியாகக் கிடைத்தது. உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கையும் இழுத்துப் பார்த்துக்கொண்டேன். துருப்பிடித்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும். பிளக் இரிடியம் வகை, நடுவிலுள்ள கம்பி மிகவும் மெலிது. இடைவெளியை ஃபீலர் கேஜ் விட்டுச் சரிபார்க்கலாம், நெம்பக் கூடாது. மாட்டும்போது பெட்ரோல் டியூப் துண்டு ஒன்றைப் பிளக் தலையில் செருகிக் குழிக்குள் இறக்கி, அந்தக் குழாயையே விரலால் சுழற்றினேன். மரை தப்பாக ஏறினால் குழாய் வழுக்கிவிடும், அலுமினியத் தலையின் மரை பிழைக்கும். கடைசி இறுக்கத்துக்கு மட்டும் இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்ச், கையேட்டில் சொன்ன அளவுக்கு. டார்க் ரெஞ்ச் இல்லாதவர்களுக்குப் பிளக் பெட்டியிலேயே கையிறுக்கத்துக்கு மேல் எத்தனை சுற்று என்று படம் போட்டிருக்கும். பூட்டின் உள்வாயில் மின்சாரம் கடத்தாத டைஎலெக்ட்ரிக் கிரீஸை மெலிசாகத் தடவினேன். அடுத்த தடவை கழற்றும்போது ரப்பர் பீங்கானோடு ஒட்டிக்கொண்டு கிழியாது.

காயில்களைப் பழையபடி அதனதன் இடத்துக்கு மாற்றி, எரர் கோடை அழித்துவிட்டு, மறுபடி ஏற்காடு ஏறினேன். ஏசி போட்டு, வேண்டுமென்றே உயர்ந்த கியரில் திணறவிட்டு மிதித்தேன். பக்கத்தில் உட்கார்ந்து போனில் மிஸ்ஸிங் எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பி, வளைவுக்கு வளைவு “சைபர்தான்ணா” என்று சொல்லிக்கொண்டு வந்தான். 20 வளைவும் ஏறி முடித்தோம். விளக்கு எரியவில்லை.

கோடு போட்ட பிளக்கை சர்வீஸ் செய்த இடத்தில் கொண்டுபோய்க் காட்டினேன். சூப்பர்வைசர் வெளிச்சத்தில் வைத்துச் சுழற்றிப் பார்த்துவிட்டு, பிளக்கின் விலையைத் திருப்பித் தந்தார். பூட்டைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் பற்றித்தான் எனக்குக் கவலை மிச்சம் இருந்தது. புகைச் சான்று புதுப்பிக்கப் போனபோது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் வரம்புக்கு நன்றாகக் கீழேயே காட்டின.