சாமான் வண்டி வந்த அன்று ராத்திரிக்கு

வைகாசி பிறந்துவிட்டால் எங்கள் தெருவில் சாமான் வண்டிகள் வரத் தொடங்கிவிடும். ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் குடி வந்துவிட வேண்டும், ஆடியில் வீடு மாறக் கூடாது. இந்த இரண்டு கணக்கும் சேர்ந்து, பாளையங்கோட்டையில் வாடகை வீடுகள் பெரும்பாலும் இந்தச் சமயத்தில்தான் கை மாறுகின்றன. இந்த வருஷம் எதிர் வீட்டுக்கு ஓசூரிலிருந்து ஒரு குடும்பம். அவருக்கு வங்கியில் மாற்றல். கூடவே மனைவி, ஆறாம் வகுப்பு சேரப்போகிற மகள், வயதான அம்மா.

வருகிறவர்களுக்கு என்ன கொடுக்கலாம் என்று எங்கள் வீட்டில் பேச்சு வந்தது. திருநெல்வேலிக்காரர்கள் வாயில் முதலில் வருவது அல்வாதான். "சாயங்காலம் இருட்டுக்கடைக்குப் போய் அரைக் கிலோ வாங்கிட்டு வந்திருதேன்" என்றார் இவர். என் மகள் சுவர்க் கடிகாரம் என்றாள். ஆணி அடிக்க வீட்டுக்காரர் விடுவாரோ மாட்டாரோ. அதோடு, ஒரு வீட்டுச் சுவரில் என்ன தொங்க வேண்டும் என்பதை அந்த வீட்டில் இருக்கிறவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது என் எண்ணம். அல்வா பிறகு கொடுக்கலாம், ஓடியா போய்விடும்?

முதன்முதலில் கொடுப்பது அன்று ராத்திரிக்கு உதவ வேண்டும். நான் இதில் உறுதியாக இருக்கிறேன். காலையில் நல்ல நேரம் பார்த்து உப்பு, மஞ்சள், அரிசி, நிறைகுடத்தோடு வந்து பால் காய்ச்சிவிடுகிறார்கள். அது வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் நடக்கும். மத்தியானம் வண்டி வந்து நின்றதும் வீடு முழுக்க அட்டைப்பெட்டி. ராத்திரி எட்டு மணிக்குப் பால் காய்ச்சிய அடுப்பு இருக்கும், தோசைக்கல் எந்தப் பெட்டிக்குள் போனது என்று ஒருத்தருக்கும் தெரியாது. பிள்ளை பசி என்று நிற்கும். கட்டில் கழற்றிப் போட்டபடி கிடக்கும்.

வண்டியிலிருந்து பீரோவை இறக்கிக்கொண்டிருந்தபோதே வாசலுக்குப் போய்க் கேட்டுவிட்டேன்.

"ராத்திரிக்கு இட்லி கொண்டு வரேம்மா. பாட்டிக்கு என்ன ஒத்துக்கும்? பாப்பா காரம் சாப்பிடுவாளா?"

"உங்களுக்கு எதுக்குக்கா சிரமம்..." என்று இழுத்தாள் அந்தப் பெண். அப்புறம், "அத்தைக்குச் சுகர். இனிப்பு மட்டும் வேண்டாம். இவ காரமே தொட மாட்டா" என்றாள். அந்த ஒரு கேள்வியில் அல்வாப் பேச்சும் முடிந்தது.

இட்லியை ரயிலுக்குக் கட்டுகிற மாதிரியே கட்டினேன். சட்னி, சாம்பார் என்றால் கிண்ணம் வேண்டும், கரண்டி வேண்டும். மிளகாய்ப்பொடி தடவிய இட்லிக்கு எதுவும் வேண்டாம். இட்லியை நன்றாக ஆறவிட வேண்டும். சூட்டோடு கட்டினால் வியர்த்து நசநசத்துப் போகும். பொடியை நல்லெண்ணெயில் குழைத்து இரண்டு பக்கமும் தடவி, கொஞ்ச நேரம் அப்படியே வைத்தால் எண்ணெய் உள்ளே இறங்கும். வாழை இலையை அடுப்புச் சூட்டில் காட்டினால் கரும்பச்சையாகி, தொட்டால் வளையும்; மடிக்கும்போது கிழியாது. பாப்பாவுக்கு வெறும் நெய்யும் துளி உப்பும் தடவித் தனிப் பொட்டலம்.

"தூக்குச்சட்டியில் கொடுத்தால்தானே திருப்பித் தர வருவார்கள், பழக்கமாகும்" என்பார் என் மாமியார். அது பழகிய வீட்டுக்குச் சரி. பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாது என்று நினைக்கிற குடும்பத்துக்கு, சமையலறையே திறக்காத நாளில் அது ஒரு கடன். இலையில் கொடுத்தால் சாப்பிட்டுச் சுருட்டிப் போட்டுவிட்டுப் படுக்கலாம்.

பொட்டலத்தோடு ஒரு தாளும் கொடுத்தேன். குழாயில் ஆற்றுத் தண்ணீர் எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு வரும், குப்பை வண்டி எப்போது வரும், மக்கும் குப்பையையும் மக்காததையும் பிரித்து வைக்க வேண்டும், பால் எங்கே வாங்கலாம், ராத்திரி திறந்திருக்கும் மருந்துக்கடை, கூப்பிட்டால் வருகிற ஆட்டோக்காரர் நம்பர், எலக்ட்ரீஷியன் நம்பர். அந்த வீட்டில் மோட்டார் சுவிட்ச் மாடிப்படிக்குக் கீழே ஒளிந்திருக்கும், அதையும் எழுதினேன். கடையில் வாங்கக் கூடியது இல்லை என்பதால் இந்தத் தாளைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். அதை அவள் பிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள்.

கூடவே இரண்டு கோரைப்பாயையும் கொண்டுபோனேன். "நாளைக்கோ மறுநாளோ கொடுங்க, அவசரமில்லை" என்று சொல்லிக் கொடுத்தால் வாங்குகிறவர்களுக்கும் கூச்சம் இருக்காது. முன்பின் தெரியாதவர்களிடம் விலை கூடிய பொருளை நீட்டினால், பதிலுக்கு என்ன செய்வது என்ற யோசனையில் அவர்கள் தூக்கம் போய்விடும்.

பெரிதாக ஏதும் கொடுப்பதென்றால் ஆளைத் தெரிந்துகொண்டு கொடுக்க வேண்டும். இப்போது பேசிப் பழகியதில், பாட்டிக்குக் கட்டிலைவிட முன்னறைத் தரையில் மதியம் படுப்பதுதான் பிடிக்கும் என்று தெரிகிறது. தீபாவளிக்குள் பத்தமடைக்குப் போய் ஒரு நல்ல பாய் வாங்கித் தர வேண்டும். கோரையைத் தண்ணீரில் ஊறப்போட்டு, எவ்வளவு மெல்லிசாகக் கிழிக்கிறார்களோ அவ்வளவு நயமாக வரும்; உயர்ந்த ரகம் துணி போல மடியும். கல்யாணத்துக்குப் பெண், மாப்பிள்ளை பேரை நெய்து தருகிற பாய்தான் எல்லோருக்கும் தெரியும். பாட்டிக்குப் பேரெல்லாம் வேண்டாம், கரையில் கொஞ்சம் சிவப்பு இருந்தால் போதும்.

அதற்குள் பக்கத்து மாடி போர்ஷன் காலியாகிறது. ஆவணியில் கைக்குழந்தையோடு ஆள் வருகிறார்களாம். வெந்நீர் பிளாஸ்க் ஒன்றைக் கழுவிக் காயவைத்து எடுத்து வைக்க வேண்டும், தண்ணீர் வரும் நாள் மாறியிருப்பதால் தாளையும் திருத்தி எழுத வேண்டும்.