எல்லாப் போட்டியும் ஒரே ஏரியில்தானா?

இந்த ஆண்டும் எங்கள் வட்டாரத்தில் பாஸ் என்னும் நன்னீர் மீனைத் தூண்டிலில் பிடிக்கும் போட்டிகளில் பெரும்பாலானவை டெக்சாஸின் சாம் ரேபர்ன் ஏரியில்தான். 1,14,000 ஏக்கருக்கும் மேல் விரிந்த அருமையான ஏரி. அதன்மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் டல்லாஸிலிருந்து படகை இழுத்துக்கொண்டு நான்கு மணி நேரம் ஓட்டி வரும் நானும், எந்த மேட்டில், எந்தப் பாசிப் படுகையில் மீன் ஒதுங்கும் என்று வாரந்தோறும் பார்த்து வைத்திருக்கும் கரையோர வீட்டுக்காரரும் எப்படிச் சமம்? பெட்ரோல், விடுதிச் செலவு வேறு.

1971இல் பாஸ்மாஸ்டர் கிளாசிக் என்ற புகழ்பெற்ற பாஸ் மீன்பிடிப் போட்டியை முதன்முதலில் நடத்திய ரே ஸ்காட், களம் நெவாடாவின் மீட் ஏரி என்பதைப் போட்டியாளர்கள் விமானத்தில் ஏறிப் பறக்கும்வரை சொல்லவேயில்லை. நான் அவ்வளவு ரகசியம் கேட்கவில்லை. போட்டி நடத்துபவர்களே, டெக்ஸோமா, ஃபோர்க் என்று ஏரிகளைச் சுழற்சி முறையில் மாற்றுங்கள். அடுத்த கூட்டத்தில் இதை எழுதியே கொடுக்கப் போகிறேன்.