மட்டிக்கு சேலைன் ஏத்தின கதை

ஞாயிற்றுக்கிழமை பின்னேரத்தில இருந்து எங்கட ஹோல் ஒரு வாட்டு. நோயாளி நாலு இஞ்சி நீளம். இனம் மாக்ஸிமா, இராட்சத மட்டியில ஒரு வகை.

தெஹிவளைப் பொடியன் ஒருத்தன் கனடா போறான், தன்ர கடல்மீன் தொட்டியைக் கலைக்கிறான் எண்டு கேள்விப்பட்டு ஓடினன். இந்த இராட்சத மட்டிக் குடும்பம் முழுக்க 1985 இல இருந்து சைட்டிஸ் எண்ட, காட்டுயிர் வியாபாரத்தைக் கட்டுப்படுத்திற சர்வதேச ஒப்பந்தத்தின்ர இரண்டாம் பட்டியலில. பேப்பர் இல்லாம எல்லை தாண்ட ஏலாது. பொடியனுக்கு பி.ஆர்., அதுதான் நிரந்தர வதிவிடம், சரிவந்திட்டுது, மட்டிக்குச் சரிவரேல்ல. எனவே அது வெள்ளவத்தைக்கு, எங்கட வீட்டுக்கு.

கழட்டினதே தனிக்கதை. அது அடியால தேங்காய்த் தும்பு மாதிரி நூல் விட்டுக் கல்லைப் பிடிச்சுக்கொண்டிருக்கும். இழுத்தா நூலோட சேர்ந்து அடிச் சதையும் பிய்ஞ்சு வரும், பிறகு ஆள் தப்பாது. கல்லோட ஒட்ட பிளேட்டால அறுக்கவேணும். பொடியன் முழங்கை வரைக்கும் தண்ணிக்குள்ள விட்டு அறுக்க, நான் ரோச் பிடிச்சுக்கொண்டு நிண்டன். என்ர மூச்சு அறுத்து முடிஞ்சாப்பிறகுதான் வந்தது.

ஓட்டோவில மடியில வைச்சுக்கொண்டு வந்தன். சாரதி கண்ணாடியால எட்டிப் பாத்து என்னது எண்டார். 'பெல்லெக்' எண்டன், சிங்களத்தில மட்டி. எவ்வளவு எண்டார். சும்மா தந்தவன் எண்டன். வீட்டிலயும் அதே பொய்தான், ஒரு ஒத்திகை ஆச்சுது.

அம்மா பையைத் தூக்கி வெளிச்சத்தில பாத்திட்டு, "உது மட்டிதானே? ஊரில கூழுக்குப் போடுற சாமானை வாங்கி வந்து வளக்கப் போறியோ?" எண்டா. ஏற்கனவே அவவுக்கு என்ர தொட்டியில ஒரு கோபம். கடல் இருநூறு மீற்றரில கிடக்கு, ரயில் போனா அலைச் சத்தமும் சேர்ந்து கேக்குது, இவன் காசு குடுத்து உப்பு வாங்கி லீற்றருக்கு 35 கிராம் நிறுத்துப் போட்டுக் கடல் செய்யிறான் எண்டு வாற சனத்துக்கெல்லாம் சொல்லுவா. வெள்ளவத்தைக் கால்வாய் எந்தக் கடலுக்குள்ள விழுகுது எண்டதை மட்டும் சொல்லமாட்டா. 2022 மார்ச் கடைசியில 13 மணித்தியாலம் கரண்ட் போனண்டு, இரவிரவாச் செம்பால தண்ணியை அள்ளி அள்ளித் திரும்ப ஊத்தி மீனுகளுக்குக் காத்துக் குடுத்ததும் இதே மனுசிதான். அதையும் சொல்லமாட்டா.

பையை மிதக்கவிட்டு சூடு சமனாகினாப்பிறகு, மட்டியை அது வந்த தண்ணியோட ஒரு பேசினில விட்டன். இனி என்ர தொட்டித் தண்ணி சொட்டுச் சொட்டா இறங்கவேணும், உப்பு வித்தியாசம் அதுக்குத் தெரியாத மாதிரி. காத்துக் குழாயில ஒரு முடிச்சுப் போட்டு இறக்கினன். அங்கதான் பிழைச்சுது.

அம்மா 34 வருசம் ஆசுப்பத்திரி வாட்டில நிண்ட மிஸ்ஸி, நேர்ஸ். பென்சன் எடுத்தாலும் கண் பென்சன் எடுக்கேல்ல.

"முடிச்சுப் போட்டோடா சொட்டுப் பிடிக்கிறது?"

அஞ்சு நிமிசத்தில கீழ பார்மசிக்குப் போய் ஒரு சேலைன் செட் வாங்கி வந்திட்டா. ஊசியை வெட்டி எறிஞ்சு, சொட்டைக் கூட்டிக் குறைக்கிற சில்லை உருட்டி, மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு எண்ணினா. செக்கனுக்கு ரெண்டு சொட்டு எண்டன். "நிமிசத்துக்கு 120? மனுசருக்கே நாங்கள் அப்பிடி விடமாட்டம்." 20 சொட்டு ஒரு மில்லி, அப்ப நிமிசத்துக்கு ஆறு, பேசினில ஒரு லீற்றர், அது இரட்டிப்பாகக் கிட்டத்தட்ட மூண்டு மணித்தியாலம். மனக்கணக்கு. நான் ஃபோனில கல்குலேற்றர் திறக்கிறதுக்குள்ள சொல்லி முடிச்சிட்டா.

பிறகு என்ர கொப்பியில நோயாளிச் சாட் எழுதத் தொடங்கினா. இப்பவும் இருக்கு: "4.10 வாய் இறுக்கம். 4.40 ஓரம் கொஞ்சம் தெரியுது. 5.15 நீலம்." நீலம் எண்டதுக்குக் கீழ ரெண்டு கோடு. நீலமெண்டா அம்மாவின்ர வாட்டு அகராதியில மூச்சுக் காணாது, சீரியஸ். அது அதின்ர நிறமம்மா எண்டு விளங்கப்படுத்தக் கால் மணித்தியாலம்.

மூண்டு மணித்தியாலத்துக்குள்ள செய்தி பரவிட்டுது. நோயாளி பாக்க மேல்வீட்டு அன்ரி வந்தா. கையில தோடம்பழம் இல்லாததுதான் குறை. பேசினுக்கு மேல குனிஞ்சு, "இதுக்குத் தேங்காப்பால் விட்டா..." எண்டு தொடங்க, நான் மட்டியைத் தூக்க, அது டப்பெண்டு மூடி உள்ளுக்க இருந்த தண்ணியைப் பீச்சி அடிச்சுது. நேரே அன்ரியின்ர மூக்குக்கண்ணாடிக்கு. அம்மா சிரிக்கேல்ல. குசினிக்குள்ள போய்ச் சிரிச்சா.

தண்ணிக்குள்ள நிமித்திப் பிடிச்சுக் குமிழெல்லாம் போகவிட்டு, கீழ மணலில ஒரு தட்டைக் கல்லில வைச்சன். இதுக்குச் சோறு வெளிச்சம்தான்; சதைக்குள்ள பாசி குடியிருந்து சமைச்சுப் போடும். எண்டாலும் எடுத்தவுடன லைட்டுக்கு நேர வைச்சா எரிஞ்சுபோகும், கிழமைக் கணக்கில படிப்படியா மேல கொண்டுபோகவேணும். இதை அம்மாவுக்கு விளங்கப்படுத்தத் தேவையிருக்கேல்ல. கண்ணில புரைக்கு, கற்றாக் ஒப்பரேசன் முடிஞ்சு கறுப்புக் கண்ணாடியோட ரெண்டு கிழமை ஹோலில இருந்த ஆள்.

திங்கள் விடிய மட்டி விரிஞ்சு கிடந்தது, காஞ்சிபுரச் சேலைக் கரை மாதிரி. அம்மா சாமியறைக்குப் போற வழியில எட்டிப் பாத்தா. டப். மூடிட்டுது. தள்ளி நிண்டா விரியும். கிட்ட வந்தா டப். ஓரம் முழுக்க நூற்றுக்கணக்கில பொட்டுப் பொட்டா கண் இருக்கு, நிழல் விழுந்தாப் பயந்து மூடும் எண்டு சொன்னன்.

"சொட்டுப் போட்டுக் காப்பாத்தினவள் நான். என்னைக் கண்டோ மூடுது?"

ரெண்டு நாள் தொட்டிப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கேல்ல. நானும் கோபம் எண்டுதான் நினைச்சன். நேற்றுத்தான் கவனிச்சன்: குசினியால வந்து, சோபாவுக்குப் பின்னால நெளிஞ்சு, பல்கனிக் கதவடியால வளைஞ்சு வாறா. அப்பிடி வந்தா நிழல் விழாதாம். எனக்குத் தேத்தண்ணியும் இப்ப அந்த வழியாலதான் வருது. ஆறித்தான் வருது.