சுண்ணாம்புக் குழியும் ஸ்ட்ரெய்ட்னிங் க்ரீமும்

வேலூரில் எங்கள் பார்லருக்குத் தொழில் கற்க வரும் பெண்களுக்கு முடியை நேராக்கும் வேலையைச் சொல்லித் தரும்போது, க்ரீம் தடவுவதிலிருந்தோ அயர்ன் பிடிப்பதிலிருந்தோ நான் தொடங்குவதில்லை. தோல் பதனிடும் டேனரியில் ஆட்டுத்தோலிலிருந்து முடியை எப்படி நீக்குகிறார்கள் என்பதிலிருந்து தொடங்குகிறேன். பேரணாம்பட்டு, ஆம்பூர், மேல்விஷாரம் பக்கத்துப் பெண்களுக்கு அதை நெடுநேரம் விளக்க வேண்டியதில்லை. அவர்கள் குடும்பத்தில் யாராவது ஒருவர் சுண்ணாம்புக் குழியருகே நின்று வேலை பார்த்தவராக இருப்பார். என் அப்பாவும் அங்கே நின்றவர்தான்.

உப்பிட்டு வரும் பச்சைத்தோலை ஊறவைத்துக் கழுவிய பிறகு, சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் கலந்த நீரில் இடுவார்கள். அந்த நீரின் காரத்தன்மை பி.எச் அளவில் 12ஐ ஒட்டியோ அதைத் தாண்டியோ இருக்கும். சல்பைடு போதுமான அளவு சேர்ந்திருந்தால் ஓர் இரவில் முடி கூழாகிவிடும். முடி என்பது கெரட்டின் என்ற புரதம். அதன் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருப்பவை கந்தகப் பாலங்கள். சல்பைடு அந்தப் பாலங்களை உடைக்கிறது, காரம் மிச்சத்தைக் கரைக்கிறது. பார்லரில் நாங்கள் கையாளும் ஸ்ட்ரெய்ட்னிங் க்ரீமில் பெரும்பாலும் இருக்கும் அம்மோனியம் தயோகிளைகோலேட்டும் உடைப்பது அதே கந்தகப் பாலங்களைத்தான். கை கால் முடியை அகற்ற மருந்துக்கடையில் விற்கும் க்ரீமிலும் தயோகிளைகோலிக் அமிலத்தின் உப்புதான் வேலை செய்கிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் அழகுசாதன விதிகளில் உள்ள எண்களை நான் சுவரில் எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன். முடியைச் சுருட்டவோ நேராக்கவோ தொழில் தெரிந்தவர்கள் பயன்படுத்தும் பொருளில் தயோகிளைகோலிக் அமிலம் 11 சதவீதம் வரை இருக்கலாம், ஆனால் பி.எச் 9.5ஐத் தாண்டக் கூடாது. முடியகற்றும் க்ரீமிலோ 5 சதவீதத்துக்கு மேல் கூடாது, பி.எச் மட்டும் 12.7 வரை போகலாம். மருந்து பாதிக்கும் குறைவாக இருந்தும், காரம் கூடியதால் சில நிமிடங்களில் முடி கரைந்து கையோடு வந்துவிடுகிறது. நேராக்குவதற்கும் நீக்குவதற்கும் நடுவே இருப்பது காரத்தின் அளவும் கடிகாரத்தின் முள்ளும்தான் என்பது இந்த எண்களிலிருந்து புதிதாக வந்த பெண்ணுக்குக்கூடப் புரிந்துவிடுகிறது. அது புரிந்தபின் அவள் க்ரீமைத் தடவிவிட்டு செல்போனை எடுத்துக்கொண்டு உட்கார மாட்டாள்.

உட்காரவும் கூடாது. உச்சந்தலைத் தோலில் படாமல், வேரிலிருந்து சற்று இடம் விட்டுத் தடவிய க்ரீம் ஊறிக்கொண்டிருக்கும்போது, சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஓரிரு இழைகளைத் துடைத்தெடுத்து இழுத்துப் பார்க்க வேண்டும். இழுத்தால் நீண்டு, விட்டால் மெல்லத் திரும்பும் முடி பக்குவத்தை நெருங்கிவிட்டது. நீண்டபடியே நின்று திரும்ப மறுக்கும் முடி எல்லையைக் கடந்துவிட்டது. அதை எந்தச் சீரத்தாலும் மீட்க முடியாது. டப்பாவின் மேல் அச்சிட்டிருக்கும் நேரம் ஒரு வழிகாட்டிதானே தவிர, நம் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் முடியைப் பார்த்து எழுதப்பட்டதல்ல. ஒரே தலையில் பிடரி முடி முரடாகவும் நெற்றியோர முடி பூப்போலவும் இருக்கும். ஆகவே நான் பிடரியில் தொடங்கி நெற்றியோரத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன். பிறகு க்ரீம் துளியும் தங்காமல் நீண்ட நேரம் அலசி, முழுக்கக் காயவைத்து, மெல்லிய பிரிவுகளாகப் பிரித்து 180 டிகிரி வாக்கில் அயர்ன் செய்து, நியூட்ரலைசர் தடவ வேண்டும். அதிலுள்ள ஹைட்ரஜன் பெராக்சைடுதான் உடைந்த பாலங்களைப் புதிய நேர்க்கோட்டு நிலையில் மீண்டும் இணைக்கிறது. நீண்ட முடியென்றால் காலையில் உட்கார்ந்தவர் எழும்போது மதியம் கடந்துவிடும்.

ஆனால் இந்த வேலையின் பெரும்பகுதி, டப்பாவைத் திறப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது என்பது என் உறுதியான எண்ணம். முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. அப்படியானால் 60 சென்டிமீட்டர் நீளமுள்ள முடியின் நுனி ஐந்து வருடங்களுக்கு முந்தையது. அந்த ஐந்து வருடங்களில் அதன்மேல் போட்ட சாயம், மருதாணி, ப்ளீச் எல்லாமே அதில் பதிந்திருக்கும். "கெமிக்கல் ஏதாவது போட்டிருக்கீங்களா?" என்று கேட்டால் பெரும்பாலோர் இல்லை என்றுதான் சொல்வார்கள், பொய் சொல்ல வேண்டும் என்பதற்காக அல்ல, கடையில் வாங்கிய கருப்பு மருதாணிப் பொடியை அவர்கள் கெமிக்கல் என்று நினைப்பதில்லை. அதனால் நான் வேறு விதமாகக் கேட்கிறேன்: "போன தீபாவளிக்கு முடிக்கு இன்னா பண்ணீங்க? அதுக்கு முந்தின வருசம்? தங்கச்சி கல்யாணத்துக்கு?" பண்டிகையையும் விசேஷத்தையும் நினைவுபடுத்தினால் எல்லாம் வந்துவிடும். கலப்பு மருதாணிப் பொடிகள் சிலவற்றில் உலோக உப்புகள் இருக்கின்றன. அவை பெராக்சைடைச் சந்தித்தால் முடி சூடேறி அறுந்துபோகும். ஐயம் இருந்தால் சில இழைகளை வெட்டியெடுத்துக் கிண்ணத்தில் சோதித்துப் பார்த்த பிறகே தலையைத் தொடுகிறேன்.

பல்கலைக்கழகத்தில் படிக்க வேலூருக்கு வரும் ஆப்பிரிக்க நாட்டு மாணவிகளிடம் இன்னும் கவனமாகக் கேட்க வேண்டும். அவர்கள் ஊரில் போட்டுவந்த ரிலாக்ஸர் என்ற முடி நேராக்கும் க்ரீம் பெரும்பாலும் சோடியம் ஹைட்ராக்சைடையோ குவானிடினையோ கொண்டது. அது கந்தகப் பாலத்தை வேறு விதமாக மாற்றிவிடுவதால், அந்த முடியின்மேல் தயோகிளைகோலேட்டைப் போட்டால் இழை இழையாக ஒடியும். அப்படி வருகிறவர்களுக்கு இங்கே அந்த வேலை செய்ய இயலாது என்று காரணத்தோடு சொல்லி அனுப்புகிறோம்.

எங்கள் ஊர்த் தண்ணீரையும் சொல்லியாக வேண்டும். பாலாறு பெரும்பாலான மாதங்களில் மணலாகக் கிடப்பதால், பல தெருக்களில் போர்த் தண்ணீர்தான் புழக்கத்துக்கு. அந்த உப்பு முடியின்மேல் படிந்து, க்ரீமை ஓரிடத்தில் உள்ளே விட்டு இன்னோரிடத்தில் தடுக்கிறது. அதை முதலில் நீக்கும் ஷாம்புவால் அலசாமல் நான் தொடங்குவதில்லை. நேராக்கிய பிறகும் வாரம் முழுவதும் அதே தண்ணீரில் குளித்தால் முடி வறண்டு நிற்கும். கடைசி அலசலுக்காவது குடிதண்ணீரில் ஒரு சொம்பு எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்புவேன்.

சித்திரை, வைகாசி முகூர்த்தங்களில்தான் எங்களுக்கு நெருக்கடி. க்ரீம் போட்ட பின் சுமார் மூன்று நாள் தலையை நனைக்காமல், கட்டாமல், காதோரம் ஒதுக்காமல் வைக்கச் சொல்கிறோம். அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூரில், வியர்வையில் நனையாமல் ஒரு தலையை மூன்று நாள் காப்பது எளிதல்ல. அதற்குள் நலங்கு வைத்து எண்ணெய் தேய்த்துவிடுவார்கள். ஆகவே கல்யாணத்துக்கு முந்தைய வாரம் மணப்பெண்ணை அழைத்துக்கொண்டு வரும் அம்மாக்களிடம், "ஒரு மாசம் முன்னாடி வந்திருக்கணும்மா, இப்ப வேணாம்" என்று சொல்லிவிடுகிறேன். சிலர் கோபித்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போகிறார்கள். வருமானம் போவதில் வருத்தம் உண்டு, முடிவை மாற்றியதில்லை. நேர்முகத் தேர்வுக்காக வரும் கல்லூரி மாணவிகளைப் பார்க்கும்போது வருத்தம் வேறு வகையானது. சுருட்டை முடி ஒழுங்கற்றது என்று யாரோ அவர்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அது நோயல்ல, மாற்றித்தான் ஆக வேண்டும் என்பதில்லை என்று ஒருமுறையாவது சொல்லாமல் நான் எந்தப் பெண்ணையும் நாற்காலியில் உட்கார வைப்பதில்லை.

எங்கள் உடம்பைப் பற்றியும் பேச வேண்டும். கெரட்டின் ட்ரீட்மெண்ட் என்ற பெயரில் வரும் சில திரவங்கள் அயர்னின் சூட்டில் ஃபார்மால்டிஹைடை வெளியிடுகின்றன. அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வகைப்படுத்தியது. வாடிக்கையாளர் வருடத்துக்கு ஓரிரு முறை சுவாசிப்பதை, ஏசி அறையில் கதவை மூடிக்கொண்டு வேலை செய்யும் பெண் நாள்தோறும் சுவாசிக்கிறாள். ஃபார்மால்டிஹைடு இல்லை என்று சொல்லி விற்கும் சிலவற்றில் கிளையாக்சிலிக் அமிலம் இருக்கிறது. அது கலந்த க்ரீமால் முடியை நேராக்கிய ஒவ்வொரு முறையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட 26 வயதுப் பெண்ணைப் பற்றி பிரான்ஸ் மருத்துவர்கள் 2024இல் எழுதினார்கள். இவ்விரண்டையும் எங்கள் பார்லரில் நாங்கள் வைப்பதில்லை. கையுறை இல்லாமல் யாரையும் க்ரீமைத் தொட விடுவதில்லை. வெயிலென்றாலும் ஜன்னல் திறந்திருக்க வேண்டும். குழியருகே நின்று அப்பாவின் விரல் இடுக்குகள் வெடித்திருந்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

சில மாதங்களில் வேரிலிருந்து சுருட்டை மீண்டும் வரும். அப்போது புதிதாக வளர்ந்த பகுதிக்கு மட்டுமே க்ரீம் போட வேண்டும். ஏற்கெனவே நேராக்கிய பகுதியின்மேல் இரண்டாம் முறை போட்டால் அந்தக் கோட்டிலேயே முடி அறும். அடுத்த முறை அவர் எங்களிடமே வருவார் என்று எந்த உறுதியும் இல்லாததால், எந்த வகைக் க்ரீம், எத்தனை நிமிடம், என்ன தேதி, அன்றைக்கு முடியின் நீளம் எவ்வளவு என்பதை ஓர் அட்டையில் எழுதி அவர் கையிலேயே கொடுத்துவிடுகிறோம். சென்னையிலோ பெங்களூரிலோ வேறொரு பெண் அவர் தலையைத் தொடுவதற்கு முன் அதைப் படித்துக்கொள்ளலாம்.