ரோல் கால் இல்லாத வீட்டில் குரூப் 4 படித்தது

17 வருட ராணுவ சர்வீஸ் முடித்து 2021-இல் ஊருக்கு வந்தேன். மதுரைக்குப் பக்கத்தில், செக்கானூரணிப் பக்கம். வந்த வாரமே அடுப்படி டப்பாக்களை உயரவாரியாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஒட்டினேன். வீட்டம்மா இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இது உங்க பாரக் இல்லைங்க" என்றார். சொந்தக்காரர்களோ நலம் விசாரித்த கையோடு கேன்டீன் கோட்டாவையும் விசாரித்தார்கள். அப்படியே ஆறு மாதம் ஓடிவிட்டது.

நம்மாட்கள் பலரும் பேங்க் வாசலில் துப்பாக்கியோடு நிற்கப் போகிறார்கள். அதில் குறை ஒன்றுமில்லை, எனக்குத்தான் மறுபடியும் நைட் டியூட்டி பார்க்க மனசில்லை. சரி, அரசு வேலைக்கான டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு எழுதுவோம் என்று இறங்கினேன். 4.30-க்கு எழுந்துவிடுகிறவனுக்குப் படிப்பு ஒரு பெரிய விஷயமா என்ற திமிரும் இருந்தது.

4.30-க்கு எழுந்தேன்தான். ஓடி, குளித்து, ஷேவ் பண்ணி 6 மணிக்குத் தயாராகிவிடுவேன். அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியாது. பட்டாளத்தில் நாளைக்கு என்ன வேலை என்பதை முந்தின சாயங்காலமே, எல்லோரையும் நிறுத்திப் பெயர் கூப்பிடும் ரோல் காலில் சொல்லிவிடுவார்கள். நான் ஒழுங்கானவன் என்று நினைத்திருந்ததில் பாதி அந்த ரோல் காலின் ஒழுங்கு. சுவரில் மூன்று டைம் டேபிள் ஒட்டினேன். மூன்றையும் எழுதியவன் நானே என்பதால், மீறினாலும் கேட்க ஆளில்லை.

முதல் முயற்சி 2022 ஜூலையில். மொத்தம் 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். தமிழில் 100 கேள்வி, பொது அறிவில் 75, கணக்கில் 25. நான் கணக்கில் ஆரம்பித்தேன். ஒரு வட்டி கணக்கு விடை வராமல் முரண்டு பிடித்தது, நானும் விடவில்லை. நிமிர்ந்து பார்த்தால் ஒரு மணி நேரம் போயிருந்தது. கடைசி நாற்பது கேள்விகளை ஏறக்குறைய கண்ணை மூடிக்கொண்டுதான் கறுப்பாக்கினேன். பலன் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

ஆனால் உண்மையில் காலை வாரியது தமிழ்தான். அந்தப் பகுதியில் 40 சதவீதம், அதாவது 150-க்கு 60 எடுக்காவிட்டால் மற்ற விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டேன். வேலை வாங்க அது போதாதே. மதுரைக்காரனுக்குத் தமிழ் சொல்லித்தர வேண்டுமா என்று புத்தகத்தைத் தொடாமல் இருந்திருக்கிறேன். 17 வருடம் யூனிட்டில் வாய் பேசியது இந்தி, கை எழுதியது ஆங்கிலம். போதாக்குறைக்கு ழ, ள வித்தியாசம் பார்க்காத ஊர் நாக்கும் சேர்ந்துகொண்டது. விலை, விளை, விழை மூன்றுக்கும் பொருள் கேட்டால் முதலிரண்டோடு நின்றுவிட்டேன். ஏழாம் வகுப்பு படிக்கும் மகள் டிக்டேஷன் வைத்தாள். 'வாழைப்பழம்' என்பதை 'வாளைப்பழம்' என்று எழுதியிருந்தேன். "அப்பா, வாளைன்னா மீனுப்பா" என்று சொல்லிவிட்டு அன்று முழுக்கச் சிரித்தாள்.

அதற்கப்புறம் கைடுகளைப் பரணில் போட்டுவிட்டு அவளுடைய பாடப்புத்தகங்களை எடுத்தேன். ஆறிலிருந்து பத்து வரை எல்லாத் தமிழ்ப் புத்தகங்களும், ஒவ்வொன்றும் மூன்று முறை. செய்யுளுக்குக் கீழே இருக்கும் சொல்லும் பொருளும், நூலையும் ஆசிரியரையும் பற்றிச் சொல்லும் நூல்வெளி, பாடத்தின் கடைசியில் வரும் கலைச்சொற்கள் என யாரும் கவனிக்காமல் தாண்டுகிற இடங்களைத்தான் அதிகம் படித்தேன். பொது அறிவில் பட்டாளம் கொஞ்சம் கைகொடுத்தது. நாதுலா கணவாய் சிக்கிமில், ஜோஜிலா கணவாய் ஸ்ரீநகர்-லே சாலையில் என்பதெல்லாம் பனியில் நின்று படித்த பாடம். தாமிரபரணியின் துணையாறுகளை மட்டும் உட்கார்ந்து மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது.

2023 ஜூலையில் மதுரை நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தார்கள். தினமும் காலை பஸ் பிடித்து ஆரப்பாளையத்தில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் போய்விடுவேன். வீட்டில் படிக்கவே முடியாதா என்றால் என்னால் முடியவில்லை, அவ்வளவுதான். அங்கே போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் நாலைந்து பேர் பழக்கமானார்கள். எல்லோருக்கும் என் வயதில் பாதி, கூப்பிடுவது "அண்ணே" என்று. 11 மணி டீக்கு ஆளுக்குப் பத்துக் கேள்வி கேட்பது என்று முறை வைத்துக்கொண்டோம். பதில் சொல்லாதவர் டீக்காசு கொடுக்க வேண்டும். முதல் மாதம் பெரும்பாலும் என் காசுதான். ஒரு நாள் நான் போகவில்லை என்றால் சாயங்காலமே போன் வந்துவிடும். விட்டுப்போன ரோல் கால் அதுதான்.

2024 ஜூன் 9 தேர்வில் தமிழை முதலில் எடுத்து 50 நிமிடத்தில் முடித்தேன். அடுத்து பொது அறிவு, கடைசியாகக் கணக்கு. ஒரு கணக்குக்கு இரண்டு நிமிடம், வராவிட்டால் அடுத்ததற்குப் போய்விட வேண்டும். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் ஓ.எம்.ஆர். தாளில் நிரப்பிவிட்டேன், கடைசிக்கு மிச்சம் வைக்கவில்லை. விடை தெரியாத கேள்விக்கு விடைத்தாளில் E என்று ஐந்தாவது கட்டம் இருக்கிறது, எதையும் காலியாக விடாதீர்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை என்பதால் இரண்டில் ஒன்றென்று தோன்றினால் நான் E பக்கம் போகவில்லை.

அக்டோபரில் ரிசல்ட். இப்போது ஓர் அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். முதல் கடிதத்தில் 'வளங்கப்படுகிறது' என்று எழுதி, கண்காணிப்பாளர் சிவப்பு மையில் சுழித்தார் என்பதை வீட்டில் சொல்லவில்லை.

நம்மாட்களுக்கு இரண்டு விஷயம். குரூப் 4 வேலைகள் அடங்கிய குரூப் சி பணிகளில் முன்னாள் ராணுவத்தினருக்கு 5 சதவீத ஒதுக்கீடு உண்டு. ஆனால் ஒரு முறை அரசு வேலையில் சேர்ந்துவிட்டால் அடுத்த தேர்வுக்கு அந்தச் சலுகையைக் கேட்க முடியாது. கிடைத்ததில் ஏறிவிட்டு அப்புறம் மாறிக்கொள்ளலாம் என்று கணக்குப் போடாதீர்கள். இன்னொன்று, பட்டாளத்திலிருந்து வரும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புக்கை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். என்னுடையது கறுப்பு டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்து, ஈரம் ஏறி இரண்டு பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. சான்றிதழ் பதிவேற்றக் கடைசி நாளுக்கு முந்தின ராத்திரி, மகளுடைய ஸ்கேலை வைத்து அந்தப் பக்கங்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.