ரௌசே நாட்குறிப்பு: கடல் வருவதற்குள் தோண்டுகிறவர்கள்

ஜூலை 2

ஒருவழியாகத் தொல்லியல் அகழாய்வுக்கு வந்து சேர்ந்தாச்சு. ஸ்காட்லாந்துப் பெருநிலத்தின் வடமுனையையும் தாண்டி ஆர்க்னி தீவுக்கூட்டம், அதன் பெரிய தீவில் டிங்வால் என்றொரு படகுத்துறை, அங்கிருந்து ஒரு சின்னப் படகு. கார்கள் ரிவர்ஸிலேயே படகில் ஏறுகின்றன, ஊர்க்காரர்கள் பேசிக்கொண்டே ஒற்றைக் கையால் திருப்பி ஏற்றிவிடுகிறார்கள். அரை மணிக்குள் ரௌசே. தீவு முழுக்க 200 சொச்சம் பேர், சுற்றிவர ஒரே சாலை, தோப்பு என்று சொல்ல அங்கங்கே நட்டுவைத்தது கொஞ்சம். மணி பதினொன்றாகப் போகிறது, விளக்குப் போடாமல்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 3

தோண்டப்போகும் இடத்தைப் பார்த்தோம். ஸ்வாண்ட்ரோ. கூழாங்கற்கரை, அதை ஒட்டி ஒரு புல்மேடு, அவ்வளவுதான். பல காலம் அந்த மேட்டை இரும்புக்காலக் கட்டடம் ஒன்றின் இடிபாடு என்று மட்டுமே நினைத்திருந்தார்கள். 2010 வாக்கில் பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் கரைக் கற்களுக்கு நடுவே வரிசையாக அடுக்கிய கற்களைக் கவனித்திருக்கிறார்கள். அது புதிய கற்காலக் கல்லறையின் வெளிச்சுவர், 5,000 ஆண்டுக்கு மேல் பழையது. அதற்கு மேலே இரும்புக்கால வட்ட வீடுகள், அப்புறம் வைக்கிங்குகளுக்கு முன் வட ஸ்காட்லாந்தில் வாழ்ந்த பிக்ட் மக்களின் பட்டறை, அப்புறம் வைக்கிங்குகள். கல்லறையில் பாதியைக் கடல் தின்றுவிட்டது. கட்டிய காலத்தில் கடல் மட்டம் தாழ்ந்திருந்தது, கரை இன்னும் தள்ளி இருந்தது. இப்போது புயல்காலத்து அலை நேராகச் சுவரிலேயே மோதுகிறது.

வகுப்பில் படித்த முதல் பாடம்: தேவையில்லாமல் தோண்டாதே, நாளைக்கு இன்னும் நல்ல கருவிகளோடு வருகிறவர்களுக்கு விட்டுவை. இங்கே விட்டுவைத்தால் நாளைக்கு வருகிறவர்களுக்குக் கூழாங்கல்தான் மிஞ்சும்.

ஜூலை 5

என் பங்குக்குக் கிடைத்தது அந்தக் காலத்து ஆட்கள் கொட்டிய குப்பைமேடு. சந்தோஷம்தான், உண்மையாகவே. கொத்தனார் கரணையின் குட்டி மாதிரி நாலு அங்குலக் கரணை ஒன்று, முழங்காலுக்கு ஒரு மெத்தை, ஒரு வாளி. கரணையின் விளிம்பால் மண்ணைத் தன் பக்கமாக இழுத்து இழுத்துச் சுரண்ட வேண்டும், குத்தக் கூடாது. ஒரு சாண் இடத்தில் கருஞ்சாம்பல், அதை ஒட்டி செங்காவியில் எரிந்த மண், அதற்கடியில் லிம்பெட் ஓடுகள் கொத்துக்கொத்தாக. லிம்பெட் என்பது பாறையில் ஒட்டியிருக்கும் கூம்புச் சிப்பி, தின்னவும் ஆகும், தூண்டிலில் இரையாகவும் ஆகும். ஓடுகளுக்கு இடையில் மீன் முள், ஊசியை விட மெல்லியது, ஊதினால் பறந்துவிடும். நிறம் மாறினாலோ மண்ணின் பிசுபிசுப்பு மாறினாலோ அது வேறு அடுக்கு, வேறு எண், வேறு படிவம். ஒரு மணி நேரம் சுரண்டினால் அரை மணி நேரம் எழுத்து வேலை. இதை யாரும் சொல்லித் தருவதில்லை, தொல்லியல் படிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு முதலில் கையெழுத்துப் பயிற்சி கொடுக்கலாம்.

அப்பா போனில், "என்னம்மா, தங்கம் ஏதாவது கெடைச்சுதா?" என்றார். மீன் முள் என்றேன். "அதுக்கு அவ்வளவு தூரமா?" என்றார்.

ஜூலை 9

காற்று. மழை கூடப் பரவாயில்லை, ஈரத்தில் அடுக்குகளின் நிறம் பளிச்சென்று தெரியும், ஆனால் காற்றில் வரைபடத் தாளைப் பிடிக்க ரெண்டு ஆள் வேண்டும். போதாக்குறைக்கு ஆலாப் பறவைகள் தலையில் கொத்த வருகின்றன, கூடு பக்கத்தில் இருக்கிறதாம். மதியம் கூரைக்குள் போய்ப் பானை ஓடுகளைச் சுத்தம் செய்தோம். இந்த ஊர் இரும்புக்காலப் பானை சரியாக வேகாதது, தண்ணீரில் ஊறப்போட்டால் கரைந்து சேறாகிவிடும். உலரவிட்டு மென்மையான பிரஷ்ஷால் தட்டி எடுக்க வேண்டும்.

ஜூலை 12

விடுமுறை. கரையோரமாகவே மிட்ஹோ வரை நடந்தோம். அங்கே 23 மீட்டர் நீளக் கல்லறை, நட்டுவைத்த பலகைக் கற்களால் 12 அறைகளாகப் பிரித்தது. 1930களில் தோண்டியபோது 25 பேரின் எலும்புகள் கிடைத்தன. மேலே பெரிய கொட்டகை போட்டு மூடியிருக்கிறார்கள், இரும்பு நடைபாதையில் நின்று குனிந்து பார்க்கலாம். வெளியே வந்தால் கொஞ்ச தூரத்தில் வட்டக் கோட்டை, அதற்கப்புறம் கடல்.

வழியில் வெஸ்ட்னெஸ். 1963இல் இங்கே ஒரு விவசாயி செத்த மாட்டைப் புதைக்கக் குழி வெட்டப்போக, வைக்கிங் காலத்துப் பெண் ஒருத்தியின் சமாதி வெளிப்பட்டது, பக்கத்தில் பிறந்த குழந்தை. அவளுடைய வெள்ளி ஊசிப்பதக்கம் இப்போது எடின்பரோ அருங்காட்சியகத்தில். அப்பாவுக்கு இதைச் சொன்னேன், "பார்த்தியா, மாடு புதைச்சவனுக்குக் கெடைச்சிருக்கு" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.

ஜூலை 16

இன்று பார்வையாளர்களுக்கு விளக்கும் முறை எனக்கு. பிக்ட் பட்டறையைப் பற்றிச் சொன்னால்தான் கூட்டம் நகராமல் நிற்கிறது. பாதி நிலத்துக்குள் இறங்கிய கட்டடம், படியிறங்கி வளைந்த நடை வழியாகத்தான் உள்ளே போக முடியும், அதனால் உள்ளே இருட்டு. இருட்டு வேண்டும் என்றே அப்படிக் கட்டியிருக்கிறார்கள், காய்ச்சிய உலோகத்தின் நிறத்தைப் பார்த்துத்தானே சூடு எவ்வளவு என்று கணிக்க முடியும். அடுப்பருகே இருந்த பட்டறைக்கல்லைச் சுத்தம் செய்தபோது அதில் கரிக்கறைகள் தெரிந்தன: செம்பு வேலை செய்த கொல்லரின் கை ஊன்றிய இடம், முழங்கால் ஊன்றிய இடம். ஆயிரம் வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்தக் கரி மண்ணோடு போயிருக்க வேண்டியது, அவசரத்தில் தோண்டினாலும் நிதானமாகத் துடைத்தார்கள் என்பதால்தான் இருக்கிறது.

ஒருவர் கேட்டார்: இவ்வளவு செலவுக்கு ஒரு தடுப்புச்சுவர் கட்டிவிடலாமே? வழக்கமான கேள்விதான், நியாயமானதும் கூட. ஆனால் ஆர்க்னியின் கரையெங்கும் இப்படி இடங்கள் இருக்கின்றன, எத்தனைக்குச் சுவர் கட்டுவது? சுவரின் ரெண்டு முனையிலும் அலை திரும்பி இன்னும் வேகமாக அரிக்கும் என்பது வேறு விஷயம். எனக்குத் தோன்றுவது, இந்த இடத்தைக் காப்பாற்ற முடியாது, அதைப் பற்றிய பதிவைத்தான் காப்பாற்ற முடியும். அதை ஒளித்துப் பேசுவதில் அர்த்தமில்லை. அவருக்குத் திருப்தி இல்லை, போகும்போது தலையாட்டிவிட்டுப் போனார்.

ஜூலை 20

கடல் ஏறி இறங்கும் நேரத்தைச் சொல்லும் ஓத அட்டவணைதான் எங்கள் கடிகாரம். கடல் ஏறினால் குழியின் கீழ்ப்பக்கம் கற்களுக்கு அடியிலிருந்தே தண்ணீர் ஊறும், அலை வந்து அடிக்க வேண்டும் என்றுகூட இல்லை. அதனால் கல்லறைப் பக்கம் வேலை செய்கிறவர்களுக்கு ஒருநாள் விடியலில் வேலை, இன்னொரு நாள் சாயங்காலம். குப்பைமேட்டில் இருக்கிற எங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை, வாளி தூக்கக் கூப்பிடுவார்கள். சீல்கள் ரெண்டு மூன்று தலையை மட்டும் நீட்டி வேடிக்கை பார்க்கின்றன.

ஜூலை 25

மூடுகிறோம். தோண்டிய பரப்பின் மேல் விரிப்பு, அதன் மேல் மணல் மூட்டை, அதன் மேல் கரைக் கற்கள், பெரியது சின்னது என்று கைமாற்றி கைமாற்றி. குளிர்காலப் புயலுக்கு இவ்வளவுதான் செய்ய முடியும். முதுகு போயேபோச்சு. என் அடுக்கில் பாதிதான் முடிந்தது, மீதியின் மேலும் கல்லை ஏற்றியாச்சு. அது அடுத்த வருடம் யாருக்காவது கிடைக்கலாம், கடல் விட்டுவைத்தால். மண் மாதிரிப் பைகளில் இன்னும் லேபிள் கட்ட வேண்டியது ஒரு குவியல் இருக்கிறது, படகு நாளைக் காலை, சாப்பிட்டுவிட்டு அதை முடிக்க வேண்டும்.