ஐந்து கூப்பன் ஜோடி

மார்ச் 3

பார்சல் வந்துவிட்டது. பெட்டியைப் பிரித்ததும் பழைய தோலும் பாலிஷும் பூஞ்சையும் கலந்த அந்த வாசனை. பெண்கள் போடும் லேஸ் ஷூ, கரும்பழுப்பு, அளவு நாலரை, ஒன்றரை அங்குலக் குதிகால். ‘1930-களின் பிரிட்டிஷ் ஷூ’ என்று விற்றவர் எழுதியிருந்தார். அந்த ஒரு வரிக்காகத்தான் ஏலத்தில் விடாமல் மல்லுக்கு நின்றேன். என் பழைய ஷூ சேகரிப்பில் முப்பதுகளின் ஜோடி ஒன்றுகூடக் கிடையாது.

“யாரோ போட்டுக் கழட்டினதை இப்படிக் கொஞ்சுறியே” என்றார் அம்மா. போன மாதமும் இதையேதான் சொன்னார்.

மார்ச் 4

இடது ஷூவின் நுனியில் கசங்கிய காகிதம் ஒன்று சிக்கியிருந்தது. பழைய செய்தித்தாளாக இருந்தால் தேதி கிடைக்குமே என்று இடுக்கியை வைத்துப் பத்து நிமிடம் போராடினேன். டிஷ்யூ பேப்பர். விற்றவர் திணித்தது.

மார்ச் 8

முப்பதுகள் போச்சு.

காலையில் உள்ளங்கால் அட்டையைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டிக்கொண்டிருந்தேன். குதிகால் பக்கம் ஏதோ மைக்கறை மாதிரி தெரிந்தது. அறையை இருட்டாக்கி, டார்ச்சைப் படுக்கைவாட்டில் பிடித்தேன். (நேராக அடிக்கும் வெளிச்சத்தில் எதுவும் தெரியாது. பக்கவாட்டில் அடித்தால் ஒவ்வொரு பள்ளமும் நிழலோடு எழுந்து வரும்.) வட்டத்தில் ஒரு துண்டை வெட்டி எடுத்தது போல இரண்டு ‘சி’. அடுத்து 41.

சிசி41. போர்க்காலப் பிரிட்டனின் ‘யுடிலிட்டி’ முத்திரை. துணி, ஷூ என்று அரசு வகுத்த அளவுகோலுக்கு உட்பட்டுச் செய்த பொருள்களில் குத்தியது. வெட்டிய பாலாடைக்கட்டி மாதிரி இருப்பதால் அங்கே அதைச் செல்லமாகச் ‘சீஸ்’ என்றே சொல்வார்களாம். இந்த முத்திரை இருந்தால் 1941-க்கு முன்னால் போகவே முடியாது.

விற்றவர் மீது ஒரு மணி நேரம் கோபம் இருந்தது. பிறகு உட்கார்ந்து படிக்கப் படிக்க அது கரைந்துவிட்டது. 1941 ஜூன் 1 முதல் பிரிட்டனில் உடைக்கும் ஷூவுக்கும் பங்கீடு. பணம் இருந்தால் மட்டும் போதாது, கூப்பனும் வேண்டும். முதல் ஆண்டில் பெரியவர் ஒருவருக்கு 66 கூப்பன். ஆண்கள் ஷூவுக்கு 7, பெண்கள் ஷூவுக்கு 5. கோட்டு, பாவாடை, காலுறை எல்லாம் மிச்சத்தில்தான். யுடிலிட்டி பொருள்களுக்கு விற்பனை வரி கிடையாது என்பது ஒரு சலுகை. பதிலுக்கு அழகு குறையும். குதிகால் 2 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. என் ஜோடியின் ஒன்றரை அங்குலம் இப்போது புரிகிறது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். 41 என்று பார்த்ததும் ‘1941-ல் செய்தது’ என்று எழுதி விற்பவர்கள் ஏராளம். அது திட்டத்தின் ஆண்டு, ஷூவின் ஆண்டு இல்லை. முத்திரை 1952 வரை புழக்கத்தில் இருந்தது. ஆக, என் ஷூ இந்தப் பதினோரு வருடத்தில் எங்கோ பிறந்திருக்கிறது. அதற்குமேல் நெருக்கிச் சொல்ல என்னிடம் சாட்சி இல்லை.

மார்ச் 9

அம்மாவிடம் கூப்பன் கணக்கைச் சொன்னேன். ரேஷன் கடை வரிசையில் நின்றவருக்கு விளக்கவா வேண்டும்? “அஞ்சு கூப்பனா? அப்ப பத்திரமா வை” என்றார். ‘யாரோ போட்டது’ என்ற பேச்சு அப்புறம் இல்லை.

மார்ச் 15

இன்று ஒரு சாவு. தொண்ணூறுகளின் ஓட்ட ஷூ, ஒரு முறைகூடப் போடாதது, பெட்டியோடு வாங்கியது. அலமாரியைத் துடைக்க எடுத்தேன். நடுத்தட்டின் பாலியூரித்தேன் நுரை அப்படியே கையில் உதிர்ந்தது, ஈரமான சுண்ணாம்புச் சுவர் மாதிரி. காற்றிலிருக்கும் ஈரம் அந்தப் பொருளின் பிணைப்புகளை மெல்ல மெல்ல அறுத்துவிடுகிறது. போடாமல் வைத்தாலும் தப்பாது. எண்பது வருடத் தோல் கம்பீரமாக நிற்கிறது, முப்பது வருட நுரை பொடியாகிவிட்டது! மேல்பாகத்தை மட்டும் வைத்துக்கொண்டேன். தரையை இரண்டு முறை பெருக்க வேண்டியிருந்தது.

மார்ச் 22

‘முழுக்கக் கையால் செய்தது’ என்ற விளம்பர வரியைப் பார்த்தாலே இப்போதெல்லாம் சிரிப்பு வருகிறது. தொழிற்சாலை ஷூவில் கடைசிவரை கையை நம்பியிருந்த வேலை ஒன்று உண்டு. கால் வடிவக் கட்டையின் மேல் தோலை இழுத்து, மடித்து, அடியில் ஆணி வைத்துப் பொருத்துவது. தைக்க இயந்திரம் வந்த பிறகும் இதற்கு வரவில்லை. தேர்ந்த ஆள் நாளுக்கு ஐம்பது ஜோடி முடிப்பார். அவர் வேகம்தான் தொழிற்சாலையின் வேகம்.

அதை மாற்றியவர் யான் எர்ன்ஸ்ட் மாட்செலிகர். சுரினாமில் பிறந்த கறுப்பினத்தவர். அமெரிக்காவின் லின் நகரத்து ஷூ தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே, அந்தக் கைகளின் அசைவைப் பார்த்துப் பார்த்து இயந்திரம் கட்டினார். 1883-ல் காப்புரிமை. அது நாளுக்கு எழுநூறு ஜோடி வரை போட்டது, ஷூ விலை சரிந்தது. 1889-ல் காசநோயில் போய்விட்டார். வயது 36.

என் ஜோடியின் உள்ளங்கால் ஓரத்தில் விரலை ஓட்டினால் சின்னச் சின்ன முடிச்சாக ஆணித்தடங்கள், சீரான இடைவெளியில். இயந்திரத்தின் கையெழுத்து. நூற்றாண்டு தாண்டி நம் விரலுக்கு அவர் தட்டுப்படுகிறார்.

மார்ச் 29

இன்று ஆராய்ச்சி முழுக்க அந்தப் பெண்ணைப் பற்றி. வெளிப்புறக் குதிகால் தேய்ந்திருக்கிறது, வலதைவிட இடதில் அதிகம். உள்ளங்கால் அட்டையில் ஐந்து விரலும் தனித்தனிப் பள்ளம். வலது ஷூவின் சுண்டுவிரல் பக்கம் தோல் புடைத்து, உள்ளே ஒரு சின்ன ஒட்டு. பழைய ஆணி ஓட்டைகளை எண்ணினால் குதிகால் குறைந்தது மூன்று முறை மாறியிருக்கிறது. அடிப்பாதத்துக்கு மேல் ரப்பர் தட்டு. புதிது வாங்கக் கூப்பன் இல்லாதபோது வேறு என்ன செய்வது?

ஏப்ரல் 5

குதிகால் ஆடுவதால் ஷூ தைக்கும் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் இடது குதிகாலைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“சார், இது கடையில போட்டது இல்ல. வீட்லயே யாரோ அடிச்சிருக்காங்க. ஆணியப் பாருங்க, மூணும் மூணு விதம்.”

“ரப்பர்?”

“சைக்கிள் டயர். பக்கத்துல பட்டை தெரியுது பாருங்க.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தேன். தேய்ந்து வழவழத்த பரப்பின் ஓரத்தில், அரிசி அகலத்துக்கு, டயரின் குறுக்குக் கோடுகள்.

“எல்லாத்தையும் கழட்டிட்டு நல்ல ஹீலா போட்டுடவா சார்?”

வேண்டாம் அண்ணே, ஆடாமல் நின்றால் போதும் என்றேன். பழைய ஓட்டைக்குள்ளேயே கொஞ்சம் பசை விட்டு இறுக்கிக் கொடுத்தார். காசு வாங்கமாட்டேன் என்றார், கையில் திணித்துவிட்டு வந்தேன்.

ஷூவோடு வைக்கும் குறிப்பு அட்டையைத் திருத்தி எழுதியாயிற்று: ‘1941–1952. அளவு நாலரை. 1941 கணக்கில் 5 கூப்பன். இடது குதிகால்: சைக்கிள் டயர், மூன்று ஆணி.’